உமா மேடத்துக்கு, வகுப்பிலேயே மூத்தவள் எழுதுவது

என் அன்புள்ள உமா மேடம்,

கல்லூரியில் உங்களை மேடம் என்றேன். கடைசி நாட்களில் கண்ணு என்று கூப்பிட்டேன். இப்போது எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், "எப்படி வேணா கூப்புடுங்க்கா, மொதல்ல விஷயத்தச் சொல்லுங்க" என்பீர்கள். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருஷத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. வீட்டில் சொன்னால், "அதுக்குத்தான் அப்பவே சொன்னமே" என்கிறார்கள். உங்களிடம் சொன்னால் அந்தப் பதில் வராது.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே புரிகிறது.

அண்ணன் மகள் சுகந்தியைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்றைக்குத்தான் உங்களை முதலில் பார்த்தேன். அண்ணனுக்குத் தோட்டத்து மோட்டார் ரிப்பேர். துணைக்கு என்னை அனுப்பியிருந்தார். சேர்க்கை மேசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும், உங்களையே மாணவி என்று நினைத்துவிட்டேன். உணவியல் படிப்பில் இடம் காலியாக இருக்கிறது, சேர்கிறாயா என்று சுகந்தியைக் கேட்டீர்கள். அவள் பி.காம்தான் வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பழைய பியூசிங்க."

"அப்ப இந்த சீட்ட உங்களுக்கே குடுத்துர்லாம் போலிருக்குதே" என்றீர்கள். மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தனியாக பஸ் ஏறி வந்து உங்கள் மேசை முன்னால் நின்றேன். உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நா சும்மா சொன்னேனுங்க்கா" என்றீர்கள். "நா சும்மா வரலீங்க மேடம்" என்றேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பட்டறையை அவர் தம்பிமார் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு பெட்டியோடு சரவணம்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் தங்கமானவர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் இன்றைக்கு நான் எதற்கு எழுந்தேன் என்று ஒரு கேள்வி வரும். அடுப்படிக்குள் போய்விட்டால் கேள்வி அமுங்கிவிடும். பொழுதோடு பாத்திரம் கழுவி முடித்தால் மறுபடி வந்துவிடும்.

நான் படிக்கப் போகிறேன் என்றதும் அண்ணன் கோபப்படவில்லை, பயந்தார். "இந்த வயசுல பொஸ்தகத்தத் தூக்கிட்டு பஸ்ஸேறுனா ஊருல என்ன பேசுவாங்க அம்மணி?" என்றார். அண்ணன் மனைவி, எங்கள் நங்கை, சுருக்கமாகக் கேட்டாள். "சோறாக்கறதப் படிக்கறதுக்குமா காலேஜுக்குப் போகோணும்? நம்மூட்டு அடுப்பு ஒண்ணும் அணஞ்சு போகலியே." அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. சுகந்தியும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்பக்கம் சிநேகிதிகளோடு நிற்பாள், நான் பின்பக்கம் நிற்பேன். அத்தையோடு படிக்கிறாள் என்று அவளைக் கேலி செய்வார்களாம், பாவம்.

படிப்பு எனக்கு எளிதாக வரவில்லை. இரண்டாம் வருஷம் உயிர்வேதியியலில் தோற்றேன். அந்த வாரம் நான் கல்லூரிக்கே வரவில்லை. திரும்பி வந்தபோது நீங்கள் ஒன்றுமே கேட்காமல், சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் உட்காரச் சொல்லிப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். என்னை விடப் பன்னிரண்டு வயது சின்னவர். வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பீர்கள், ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் அக்கா என்பீர்கள். அப்போதே உங்கள் கால் வீங்கியிருந்தது. கேட்டேன். "நின்னு நின்னு பாடம் எடுக்கறதுதானுங்க்கா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து நடத்தினீர்கள். நம்பிவிட்டேன்.

டிகிரி வாங்கினேன். அண்ணன் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள், வைத்தது நான்தான். சுகந்திக்கு அந்த வருஷமே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எனக்கு என்ன நிச்சயமாகும்? நீங்கள்தான் சொன்னீர்கள், "வெறும் டிகிரிய வெச்சுட்டு ஒண்ணும் ஆகாதுங்க்கா. ஆஸ்பத்திரில இன்டர்ன்ஷிப் பண்ணுனவங்களத்தான் டயட்டீஷியனா எடுப்பாங்க."

இரண்டு ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தோம். ஒரு இடத்தில் என் வயதைப் பார்த்துவிட்டு, உங்கள் மகளுக்கா என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் நீங்கள், சிறுநீரக டாக்டர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர், அவரிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமை போய்ச் சேருங்கள் என்றீர்கள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? உதவி கிடைத்த சந்தோஷத்தில் மனுஷிக்குக் கண் மறைத்துவிடுகிறது.

அந்த ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு நோயாளியின் மகன் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க ஆயா, அப்பனுக்கு ஒண்ணுக்குச் சட்டி எடுத்து வைங்க" என்றான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன், ஆனாலும் முகத்தில் வயது இருந்ததே. எடுத்து வைத்தேன். அங்கே தலைமை டயட்டீஷியனாக இருந்த ஹேமலதா பார்த்துவிட்டார். "நீங்க ஆயா வேலைக்கு வரலைங்க. அடுத்த தடவை நர்சக் கூப்புடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவருக்கு என்னை எப்படி நடத்துவதென்று தெரியவில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்த பிரியாவுக்கு இருபத்தொரு வயது. தப்புச் செய்தால் அவளைத் திட்டுவார், என்னிடம் வாயை மூடிக்கொள்வார். திட்டு வாங்காத இடத்தில் பாடமும் கிடைப்பதில்லை மேடம். அதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்தது. காலையில் வார்டு வார்டாகப் போய், நேற்றுச் சாப்பிட்டார்களா, வாந்தி எடுத்தார்களா, என்ன பிடிக்கும் என்று கேட்பது. சமையற்கூடத்தில் நின்று ஒவ்வொரு தட்டும் சரியான ஆளுக்குப் போகிறதா என்று பார்ப்பது. பஸ்ஸில் திரும்பும்போது கால் வலிக்கும். இன்றைக்கு எதற்கு எழுந்தேன் என்ற அந்தக் கேள்வி மட்டும் வராது.

இரண்டாவது மாதம் ஒரு காலையில் புதிதாகச் சேர்ந்த சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு எழுத என்னை அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நம்பர் அறை. அட்டையில் உமா, இருபத்தொன்பது, சத்தியமங்கலம் என்றிருந்தது. உமா என்று ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இல்லையா? நான் நிமிராமலே உள்ளே வந்து, "வணக்கமுங்க, காலைல என்ன சாப்புட்டீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு இட்லிங்க்கா. பயந்துட்டீங்களா?"

கட்டிலில் நீங்கள். முகம் ஊதிப்போய், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மூணு வருசமா இருக்குதுங்க்கா. இங்கதான் காட்டிட்டிருந்தேன். அந்தப் பழக்கத்துலதான் உங்களுக்காக டாக்டர்கிட்டப் பேச முடிஞ்சுது." ஏதோ பஸ் தாமதமானதைச் சொல்வது போலச் சொன்னீர்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது, இனி டயாலிசிஸ்தான் என்றீர்கள். சிறுநீரகம் கொடுக்க அப்பாவின் ரத்தம் பொருந்தவில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது என்றீர்கள். நீங்கள் பேச்சை மாற்றினீர்கள்.

"எனக்கு டயட் யாரு எழுதறது?"

"ஹேமலதா மேடம் எழுதுவாங்க."

"நீங்க எழுதுங்க. தப்பிருந்தா நா திருத்தறேன்."

எழுதினேன். உப்பு இல்லை. குடிக்கும் தண்ணீர் அளந்து. காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இளநீர் கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழம் அறவே கூடாது. நீங்கள் வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் புரத அளவைத் திருத்தினீர்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அதிகம் வேண்டும், மறந்துவிட்டீர்களா என்றீர்கள். உங்களுக்கு எழுதும்போதா எனக்கு மறக்க வேண்டும்?

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழனியம்மாள் அக்கா சத்தியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர், கையில் ஒரு ஒயர் கூடை. நான் மதியத் தட்டோடு வந்தபோது நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். அக்கா முந்தானைக்குள் எதையோ மறைத்தார். கதலி வாழைப்பழம். பாதி உரித்திருந்தது.

"அக்கா, வேண்டாங்க. அதுல இருக்கற சத்து இவங்க ரத்தத்துல ஏறிப்போச்சுன்னா நெஞ்சு நின்னுபோயிருங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, ஒரே ஒரு பழமுங்க. நம்ம தோட்டத்துல காச்சது. ஊரெல்லாம் லாரில போகுது, என்ற மவளுக்குக் குடுக்கக் கூடாதுங்களா?"

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். நீங்களாவது அம்மாவுக்கு எடுத்துச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்களோ என்னிடமே கேட்டீர்கள். "பாதி குடுங்க்கா. பாதிதானே. வாய்க்கு ஒண்ணுமே ருசிக்கல."

வகுப்பில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். நான் முடியாது என்று தலையசைத்தேன். அக்கா கையிலிருந்த பழத்தையும் கூடையிலிருந்த சீப்பையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மதியத் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

பொழுதோடு நான் வீட்டுக்குக் கிளம்பும் முன் எட்டிப் பார்த்தேன். அம்மா வெளியே போயிருந்தார். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள், "நாளைக்கும் கேப்பேனுங்க்கா. குடுத்துராதீங்க."

நீங்கள் மறுநாளும் கேட்டீர்கள். அதற்கு மறுநாளும் கேட்டீர்கள். நான் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தால், என்ன நடந்திருக்கப் போகிறது, நடக்க வேண்டியது எப்படியும் நடந்துவிட்டதே, பாதிப் பழத்தைக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். பாடத்தின்படி நான் செய்தது சரி. சரியாகச் செய்துவிட்டுப் பிறகு இப்படி மனது அடித்துக்கொண்டால் அதற்கு என்ன உணவு எழுதுவது? இதை நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் உங்களைக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து படுத்திருந்தபோது, கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டுவிட்டேன். "கண்ணு, எனக்கு வேலை கெடைக்குமுங்களா?"

"தெரியலீங்க்கா" என்றீர்கள். "கெடைக்கும்னு சொல்லி உங்களச் சேத்தி உட்டுப்போட்டேன். இப்ப நெனச்சா பயமா இருக்குது. நா இல்லாமப் போயிட்டா உங்களுக்காகப் பேச ஒரு ஆளுகூட இல்லியே."

சாகப்போகிற பெண் என் வேலையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி குடிச்சிட்டீங்களா, அளவு தாண்டிருச்சா?" என்றேன்.

அன்றைக்குக் காலையில் நான் சமையற்கூடத்தில் இருந்தேன். உங்கள் தட்டைத் தயார் செய்து மூடி வைத்தாயிற்று. வார்டிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான்தான். "பன்னெண்டாம் நம்பருக்கு டயட் நிறுத்திருங்க" என்றாள் நர்ஸ். வீட்டுக்கு அனுப்பினாலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஒரு நிமிஷம், வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஹேமலதா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிப் பேசினார். பிறகு தட்டை என் கையிலிருந்து எடுத்து வைத்தார். "நீங்க போங்க. மத்தத நா பாத்துக்கறேன்" என்றார். அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது அன்றைக்குத்தான்.

சத்தியமங்கலத்துக்கு வந்தேன். உங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் வாழை. கூட்டத்தில் பின்னால் நின்றேன். ஒரு பெரியவர், "நீங்க யாருங் அம்மணி?" என்று கேட்டார். "அவங்க மாணவிங்க" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்குப் பாடஞ்சொன்ன டீச்சருங்களா" என்று தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவள் என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குப் புதுச் செய்தி.

பயிற்சி முடிந்தபோது அங்கே ஒரு இடம் காலியானது. பிரியாவும் நானும் போனோம். நிர்வாக அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "உங்க வேலையப் பத்தி ஹேமலதா நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா எங்களுக்கு இன்னும் இருவது முப்பது வருசம் இருக்கறவங்க வேணுமுங்க" என்றார். பிறகு, வேண்டுமானால் கேன்டீனில் சமையல்காரர்களை மேற்பார்க்க ஆள் தேவைப்படுகிறது, சொல்லட்டுமா என்று கேட்டார். சோறாக்கவா காலேஜ் என்று நங்கை கேட்டது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, வேண்டாங்க என்று எழுந்து வந்தேன். பிரியா வெளியே காத்திருந்தாள். இடம் அவளுக்குத்தான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. "சாரி ஆன்ட்டி" என்றாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பொறாமை இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது பயிற்சி ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில். நானே போய்க் கேட்டு வாங்கியது. அங்கே டயட்டீஷியன் என்று ஒரு ஆளே இல்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே சாம்பார், ஒரே ரொட்டி. ஒரு மேசை கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. நானாகக் குழந்தைகள் வார்டுக்குப் போய் எடை பார்க்கத் தொடங்கினேன். பிறகு சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிச் சாப்பாடு. பிறகு ஒரு பெண் டாக்டர் தன் நோயாளிகளை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார். எனக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது மேடம். பொய் சொல்ல மாட்டேன், பஸ்ஸில் உட்கார்ந்து வேலைக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு சேலை எடுக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன்.

ஆறு மாதம் முடியும்போது அந்த டாக்டர் கூப்பிட்டார். "உங்களால ஒரு நல்லது நடந்திருக்குதுங்க. டயட்டீஷியன் போஸ்ட் ஒண்ணு போடறதுன்னு டிரஸ்ட்ல முடிவு பண்ணீட்டாங்க" என்றார். நான் கை கூப்பினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "முப்பத்தஞ்சு வயசுக்குள்ளன்னு போட்டுட்டாங்க. நா சொல்லிப் பாத்தேன். கேக்கலீங்க."

என்னால் வந்த வேலை எனக்கில்லை. அன்றைக்கு பஸ்ஸில் ஏறவே தோன்றவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. உங்கள் மேல் கோபம் வந்தது. அந்தச் சேர்க்கை மேசையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? அடுப்படியிலேயே இருந்திருந்தால் இந்த வலி தெரியாமலாவது போயிருக்கும் இல்லையா? செத்துப்போனவர் மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபம், திரும்பப் பேச மாட்டார்கள்.

அண்ணன் ரொம்ப நாள் பொறுத்துவிட்டு, போன மாதம் பேச்சை எடுத்தார். சரவணம்பட்டிப் பூமியில் பாதியை சைட் போடக் கொடுக்கப் போகிறார். புது காலேஜுகள் வருவதால் நல்ல விலை கேட்கிறார்களாம். சுகந்தி பிரசவத்துக்கு வருகிறாள், வீடு பற்றாது. "தாராபுரத்துல அப்பங்காலத்துத் தோட்டத்தூடு ஆளில்லாமக் கெடக்குது அம்மணி. நீ போயி இருந்துக்கோ. மாடு ஒண்ணு புடிச்சுத் தாரேன். தை பொறந்ததும் போயிரலாம்" என்றார். அவர் தள்ளிவிடவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு நல்ல வழியைக் காட்டினார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆமாம் மேடம், சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? நாற்பத்து மூன்று வயதில் இரண்டு ஆஸ்பத்திரி கொடுத்த பயிற்சிச் சான்றிதழை அண்ணனிடம் காட்டி என்ன கேட்பது?

சரி என்று சொன்ன பிறகுதான் இது நடந்தது. டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆளனுப்பினார். கணபதியில் அவருக்குத் தெரிந்த ஒரு சர்க்கரை நோய் டாக்டர் சின்னக் கிளினிக் வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையும் இரண்டு நாற்காலியும் போட இடம் இருந்தது. "வியாழக்கெழம காலைல மட்டும் வந்து உக்காருங்க. சம்பளம்னு இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. டிரெயினிங்னே வெச்சுக்கலாம். ஆளுக வந்தா மேக்கொண்டு பேசலாம்" என்றார்.

மறுபடியும் டிரெயினிங். மூன்றாவது தடவை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வியாழக்கிழமை யாரும் வரவில்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, அந்தம்மாவையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிறார். ஜனங்கள் என்னைத் தாண்டி மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க எதற்கு ஒரு ஆள் என்று நினைப்பார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் உட்கார்ந்தார். பம்பு செட் கம்பெனியில் லேத்தில் கடைசல் பிடிப்பவர், ரங்கசாமி என்று பெயர். நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். எதை எவ்வளவு சாப்பிடலாம், எந்த நேரத்தில் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. "நீங்க சொன்னத ஊட்டுல போயிச் சொன்னேனுங்க. பாதி மறந்துபோச்சு. ஆக்கறவ இவதானுங்களே, அதான் இவகிட்டயே சொல்லிருங்கன்னு கூட்டியாந்தேன்" என்றார். அவருக்குச் சர்க்கரை குறைந்திருந்ததா என்று கேட்காதீர்கள். குறையவில்லை. அவர் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க."

"நர்சுங்களா?"

"இல்லீங்க. நா டயட்டீஷியனுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை என்னைப் பற்றி நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டிரெயினிங் வந்திருக்கிறேன், படித்துக்கொண்டிருக்கிறேன், மேடம் அனுப்பினார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்தம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை. "அப்படீன்னா?" என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு, அரிசிம்பருப்பு சோறு வாரம் எத்தனை தாட்டி ஆக்கலாம் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

இதை நம்பிக்கை என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு ஆளும் அவர் மனைவியும், அவ்வளவுதான். டாக்டர் இன்னும் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. தை பிறக்கப் போகிறது. தாராபுரத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வியாழக்கிழமை மட்டும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து போகிறேனே என்று நேற்று அண்ணனிடம் கேட்டேன். "அத்தன தூரமா?" என்றார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. நங்கைதான் அடுப்படியிலிருந்து, "காலைல மொத பஸ்ஸுக்குப் போனா வந்து சேரலாமுங்க" என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது கண்ணு. நீங்கள் பயந்தது போல எனக்காகப் பேச இப்போது ஆள் இல்லை. நானே பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இன்னும் சரியாக வரவில்லை. வாக்கு ஒன்று மட்டும் கொடுக்கிறேன். தாராபுரம் போனாலும் மாடு பிடித்துக் கட்டினாலும், கிளினிக்கில் அந்த மேசையை அவர்களாக எடுத்துவிடும் வரைக்கும் வியாழக்கிழமை தவறாமல் போய் உட்காருவேன். யாரும் வராத வாரத்திலும் கிளினிக் பூட்டும் வரை எழுந்திருக்க மாட்டேன். யாராவது நீங்க யாருங்க என்று கேட்டால், இனிமேல் தயங்காமல் சொல்வேன்.

கூடப் பிறக்காத உங்கள் அக்கா,
ருக்மணி